மனநல மருத்துவரை வீடியோவில் பார்த்தால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: தம்பிக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை ஒரு காலம் அளவுக்கு மீறி ஏறுமுகமாகவும் ஒரு காலம் ஆழ்ந்த சோர்வாகவும் மாறும் நோய். அதைச் சமன்படுத்த ஆறு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார். கேட்டிருக்கும் அக்காவுக்கும் திடீர் திடீரென்று பதற்றம் வந்து நெஞ்சு படபடக்கும் பிரச்சினை உண்டு. இருவரையும் பார்த்துவந்த மருத்துவர் வெகு தூரத்துக்கு மாறிப் போகிறார், இனி வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இது அரைகுறை வைத்தியமாகிவிடாதா என்பது அக்காவின் கவலை. தம்பியோ கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவேன் என்கிறாராம்.

நான் மனநல மருத்துவர். வாரத்தில் சில நாள் நேரிலும் சில நாள் வீடியோவிலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதற்றத்துக்கு வீடியோ தாராளமாகப் போதும். தம்பிக்கு முக்கால்வாசி போதும். மீதிக் கால்வாசியை யார், எங்கே செய்வது என்று இப்போதே மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏதாவது தவறு நடந்தால் அது பெரும்பாலும் அந்தக் கால்வாசியில்தான் நடக்கும்.

கொரோனாவில் முளைத்த ஏற்பாடு என்று பலர் இதை நினைக்கிறார்கள். அப்படியில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி இணைப்பை வைத்துக் குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 1964-ல் அங்கிருந்து 112 மைல், அதாவது சுமார் 180 கி.மீ. தள்ளி நார்ஃபோக்கில் இருந்த அரசு மனநல மருத்துவமனையோடு அதே மாதிரி ஓர் இணைப்பைப் போட்டார்கள். மருத்துவத்தின் பல துறைகளுக்கு முன்பே நாங்கள் திரைக்கு வந்துவிட்டதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை எங்களுக்குக் குறைவு. கேட்பதும் பார்ப்பதும்தான் எங்கள் தொழிலில் பெரும்பங்கு.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், குடும்ப மருத்துவர்கள் மனநல ஆலோசனைக்கு அனுப்பிவைத்த 495 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நேரிலும் மறு பாதியை வீடியோவிலும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் தெரிந்தது. ஆனால் அவர்கள் குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து, முறை வரும்வரை காத்திருக்க முடிந்தவர்கள். நள்ளிரவில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு வரும் நிலையில் இருந்தவர்கள் அல்ல. ‘வீடியோவும் நேரும் ஒன்றே’ என்று யாராவது சொன்னால் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, திரையில் எது தப்பிப் போகிறது? உடம்புதான். சில வருடங்களுக்கு முன் ஒருவரை வீடியோவில் பார்த்தேன். புதிதாக ஒரு மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. முகம் தெளிவு, பேச்சு தெளிவு, தூக்கம் பரவாயில்லை என்றார். எனக்கும் திருப்தி. முடிக்கும் நேரத்தில் சும்மா ஒரு வழக்கத்துக்காக, போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் போய் உட்காருங்கள் என்றேன். அப்போதுதான் முழங்கால்கள் தெரிந்தன. இரண்டும் நிற்கவே இல்லை. பாதத்தை மாற்றி மாற்றித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கச் சொன்னேன். ஒரே இடத்தில் நின்றபடி நடந்தார். மருந்தின் பக்கவிளைவாக வரும் தாங்க முடியாத உள் பரபரப்பு அது. ‘ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவீர்களோ என்று சொல்லவில்லை’ என்றார். நேரில் வந்திருந்தால் கதவைத் திறந்து நான்கு எட்டு எடுத்து வைக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். வீடியோவில் எல்லோரும் மார்பளவு மனிதர்கள்.

அன்றிலிருந்து மருந்து சாப்பிடும் எல்லோரையும் ஒரு தடவையாவது எழுந்து நடந்து காட்டச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே காட்டுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியும் சில விஷயங்கள் திரையைத் தாண்டி வராது. கை மூட்டை மடக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் விறைப்பு, வாயிலிருந்து வரும் மது வாடை, கைகுலுக்கும்போது உள்ளங்கையில் இருக்கும் வியர்வை எல்லாம் அந்த வகை. மூன்று மாதத்தில் ஏறிய ஏழு கிலோவும் தோளுக்கு மேலே அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் எடை, இரத்த அழுத்தம் இரண்டையும் வீட்டிலோ பக்கத்தில் எங்காவதோ பார்த்து எழுதி வைத்துக்கொண்டு ஆலோசனைக்கு உட்காருங்கள்.

தம்பியின் லித்தியத்துக்கு வருகிறேன். இது பழைய மருந்து, அருமையான மருந்து. ஆனால் அளவுக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி குறைவு. இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்று பொதுவாகப் பார்ப்போம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்துப் பக்கம் போகிறது. கடைசி மாத்திரை சாப்பிட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நேராகப் பரிசோதனைக்குப் போனால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். மருத்துவமனையில் என்றால் நர்ஸ் ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்டுவிடுவார். இனி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் தவறக் கூடாது. எந்தப் பரிசோதனைக் கூடத்தில் எடுப்பது, முடிவை யார் மருத்துவருக்கு அனுப்புவது, அதைப் பார்த்தேன் என்று அவர் எப்படிச் சொல்வார் என்ற மூன்றையும் முதல் வீடியோவிலேயே கேட்டுவிடுங்கள். முடிவு வந்தும் யாரும் திறந்து பார்க்காமல் கிடந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

கை நடுக்கம் பற்றியும் ஒரு விஷயம். லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு மெல்லிய நடுக்கம் சகஜம். அது பெரிதாகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. நான் என்ன செய்வேன் என்றால், கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்வேன். நடுக்கம் சின்னதாக இருந்தாலும் தாளின் ஓரம் படபடக்கும். தாள் இல்லாமல் பார்த்தால் ஏமாந்துபோகலாம்: சிக்னல் மந்தமாகும்போது வீடியோ நடுநடுவே படங்களை விழுங்கிவிடும், நடுங்கும் கைகூட அசையாத கையாகத் தெரியும். நடுக்கம் திடீரென்று பெரிதானால், அதோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல் சேர்ந்தால் அடுத்த வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ‘லித்தியம் சாப்பிடுபவர்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்னொன்று, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வீடியோவில் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிய ஒரே வழி, வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும் கேமரா முன்னால் கொண்டுவந்து காட்டுவதுதான். இந்த ஒரு விஷயத்தில் வீடியோவே மேல் என்பேன். நேரில் வருகிறவர்கள் ‘அந்த மஞ்சள் மாத்திரை, பேர் மறந்துபோச்சு’ என்பார்கள். வீட்டில் இருப்பவர் எழுந்துபோய் அதை எடுத்து வந்துவிடலாம்.

இனி அறை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம். என் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. அதை மூடினால் வெளியே கேட்காது. உடன் வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு. வீடியோவில் அந்தக் கதவு உங்கள் வீட்டுக் கதவு. அதை மூட உங்களால் முடிகிறதா, மூடினால் வீட்டில் கேள்வி வருமா என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் பல மாதம் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்துதான் என்னோடு பேசினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்திருப்பார். ஒரு நாள் வீட்டுக்குள்ளிருந்து பேசினார். பத்து நிமிடமும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார். மறுவாரம் மறுபடியும் கார், மறுபடியும் அழுகை. அப்போதுதான் அந்தக் கார் எதற்கென்று எனக்கு உறைத்தது.

அதனால் தொடக்கத்திலேயே, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுவேன். பதில் இழுத்தால், ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளாக மாற்றிக்கொள்வேன். வீட்டில் இருப்பவராலேயே பயம் என்றால், ஒரு சாதாரண வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அது வந்தால் இப்போது பேச முடியாது என்று அர்த்தம். ஹெட்போன் போட்டுக்கொண்டால் மருத்துவரின் பாதிப் பேச்சாவது மற்றவர் காதில் விழாது. கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியையோ பாட்டையோ ஓடவிட்டால் உங்கள் பாதியும் விழாது.

இது உங்களுக்கும்தான். தம்பி பேசும்போது கேமராவுக்கு வெளியே, சுவரோரமாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க ஆசை வரும். வேண்டாம். அவர் கண் அடிக்கடி ஒரே பக்கம் போவதை வைத்து நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்பது வேறு விஷயம். உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிச்சயம் இருக்கும். இருமுனைக் கோளாறில் ஏறுமுகம் தொடங்குவதை நோயாளி உணர்வதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள். அவர் சம்மதத்தோடு முதல் ஐந்து நிமிடம் கேமரா முன்னால் உட்கார்ந்து, அவர் கேட்கவே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பொதுவாகச் சொல்வதைவிடத் தூங்கிய நேரத்தைச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறான்’ என்பது எனக்கு அதிகம் உதவாது. ‘நான்கு நாளாக மூன்று மணி நேரம்தான் தூங்குகிறான், ஆனால் களைப்பே இல்லை’ என்றால் நான் அன்றைக்கே மருந்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒவ்வொரு முறையும் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்பார். வீட்டில்தானே, இதென்ன கேள்வி என்று தோன்றும். ஏதாவது ஆபத்து என்றால் ஆம்புலன்ஸை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். பயணத்தில் இருக்கும்போது நாங்கள் கையில் வைத்திருக்கும் முகவரி எதற்கும் உதவாது. இதில் சட்டமும் இருக்கிறது. நோயாளி உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருத்துவம் பார்க்க மருத்துவருக்கு உரிமம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அப்புறம், இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழைத்து, இரண்டு பேருக்கும் ‘பிஸி’ என்று வருவது அன்றாடக் கூத்து. அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் படம் பாதி வாக்கியத்தில் உறைந்து நின்றுவிட்டால் அது கூத்தாக இருக்காது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதை வீடியோவில் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சொன்ன அடுத்த நிமிடம் வாசலில் போலீஸ் வந்து நிற்கும் என்ற பயம். சொல்லுங்கள், சொல்ல வேண்டும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் கடைசிக் கேள்வியே அதுதான்; எங்களுக்கு அது புதிதல்ல. எண்ணம் மட்டுமா, திட்டம் இருக்கிறதா, இன்றிரவு பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்போம். மாத்திரைகளை வேறொருவர் பூட்டி வைக்க முடியுமா என்றும் கேட்போம். பெரும்பாலும் இதையெல்லாம் திரையிலேயே பேசி ஏற்பாடு செய்துவிட முடிகிறது. ஆனால் ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டவர், தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவர், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடப்பவர், குடியை நிறுத்தி நடுங்கி வியர்ப்பவர், காய்ச்சலோடு திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புபவர் ஆகியோருக்கு வீடியோ இடமே அல்ல. நேராக மருத்துவமனைக்குப் போங்கள், வழியில் எங்களுக்குப் போன் செய்தால் போதும்.

உங்கள் பதற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, காரணம் அதில் வீடியோ நன்றாகவே வேலை செய்கிறது. கூட்டமான காத்திருப்பு அறையைத் தாண்டித்தான் மருத்துவரிடம் வர முடியும் என்ற நிலையே பதற்றக்காரர்களுக்குப் பெரிய கொடுமை. அது இல்லாமல் போகிறது. பயப்படும் இடத்துக்கே மருத்துவரைச் சட்டைப்பையில் கூட்டிப்போகவும் முடிகிறது. லிஃப்டில் ஏற முடியாத ஒரு பெண் காதில் இயர்போனோடு அதில் ஏறினார். கதவு மூடியதும் சிக்னல் போய்விட்டது. இரண்டு மாடி தனியாகவே போய் இறங்கி, ‘டாக்டர், நீங்க இல்லாமலேயே போயிட்டேன்’ என்றார். நான் திட்டமிட்டதல்ல, ஆனால் அதைவிட நல்ல பயிற்சியை நானே யோசித்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வெளியே போகவே பயப்படுபவருக்கு வீட்டிலிருந்தே எல்லாம் கிடைத்துவிட்டால், வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க அதுவே சாக்காகிவிடும். நான்கைந்து மாதம் ஆகியும் வீடியோ மட்டும்தான் என்றால், ‘அடுத்த தடவை நேரில் வரட்டுமா?’ என்று நீங்களே கேளுங்கள். அந்தப் பயணமே மருந்து.

திரையில் பேசும்போது சின்னச் சின்னச் சங்கடங்கள் வரும். மருத்துவர் உங்கள் கண்ணைப் பார்க்காமல் கீழே பார்ப்பது போலத் தெரியும். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார், கேமரா அதற்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். குரல் அரை விநாடி தாமதமாக வருவதால் இருவரும் ஒன்றாகப் பேசி ஒன்றாக நிறுத்துவீர்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது மௌனம் கெட்டுப்போவதுதான். நேரில் ஒருவர் பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன், அதில் ஏதோ ஒன்று மேலே வரும். வீடியோவில் பத்து விநாடி யாரும் பேசாவிட்டால் ‘ஹலோ, கேட்குதா?’ என்று கேட்டுவிடுகிறோம். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சும்மா இருந்தால் லைன் போகவில்லை, காத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

மருந்துச் சீட்டைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: தூக்க மாத்திரைகள், கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மருந்துகள் போலப் பழக்கமாகிவிடக்கூடியவற்றை முதல் வீடியோவிலேயே எழுதித்தரப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் மறுத்தால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இருவரும் ஏற்கெனவே அவரிடம் நேரில் பார்த்து வந்தவர்கள் என்பது பெரிய வசதி. முன்பு எப்படி இருந்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவையாவது தம்பி அவரையோ உள்ளூரில் ஒரு மருத்துவரையோ நேரில் பார்ப்பது போல ஏற்பாடு இருந்தால் நல்லது.

கடைசியாக, கேமரா. தம்பி ஏன் அணைக்கச் சொல்கிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் என்றால், அதுவே மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. ஆனால் பல நேரம் காரணம் அதைவிட எளியது. லித்தியத்தில் எடை போடும். முன்பு ஒல்லியாக இருந்தவர், பேசிக்கொண்டிருக்கும் அரை மணி நேரமும் திரை ஓரத்தில் தன் உப்பிய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நேரில் பேசும்போது யாரும் கண்ணாடி முன்னால் உட்கார வைப்பதில்லையே. பெரும்பாலான செயலிகளில் தன் படம் மட்டும் தன் கண்ணில் படாதபடி மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதை முதலில் செய்து கொடுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் மருத்துவரிடம் ஒரு சமரசம் கேட்கலாம்: முதல் மூன்று நிமிடம் கேமராவோடு, பிறகு குரல் மட்டும். குரலிலேயே நிறையக் கேட்கும். ஏறுமுகத்தில் பேச்சு மூச்சுவிடாமல் ஓடும், மருந்து அதிகமானால் நாக்கு தடிக்கும். அந்த மூன்று நிமிடத்தில் அவர் எழுந்து நடந்து காட்டி, கையை நீட்டிக் காட்டினால் போதும். தாள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே மேஜையில் எடுத்து வைத்துவிடுங்கள்.